கூட்டிச் சொன்ன வலி

சோணைமுத்து உள்ளே வரும்போதே சட்டையை இரண்டு விரலால் நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். பின்னால் அவன் மனைவி வளர்மதி, கையில் துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும். வந்தவன் நாற்காலியைப் பார்க்கவில்லை, வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்த ஜெபசீலியையும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தான்.

"மேடம், அதை மட்டும் கொஞ்சம் நிறுத்திருங்களேன்."

"ஃபேன் இல்லாம இந்த ரூம்ல உக்கார முடியாது தம்பி. ஏற்கெனவே எனக்கு இடுப்பெல்லாம் வேர்க்குரு. கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கங்க."

அவன் பொறுத்துக்கொண்டான். நாற்காலியின் நுனியில், காற்று படாத பக்கமாக உடம்பை ஒருக்களித்து உட்கார்ந்தான்.

ஜெபசீலி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போகப் போக அவள்மேல் உங்களுக்குக் கோபம் வரும். அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் அவள் வலி மதிப்பீட்டாளர். ஜனங்களுக்கு இவ்வளவு நீளப் பெயர் வாயில் நுழையாது, 'வலி பாக்குற அம்மா' என்பார்கள். வேலை என்னவோ சுலபம்தான். ஜோடிப் பட்டை இருக்கிறது. ஒன்றை நோயாளியின் மணிக்கட்டில் கட்ட வேண்டும், இன்னொன்றை இவள் மணிக்கட்டில். பட்டனை அமுக்கினால் அவன் உடம்பில் இருக்கிற வலி அப்படியே இவள் உடம்புக்கு வரும், அதே இடத்தில், அதே அளவில். அரை நிமிஷம் தாங்கிவிட்டு ஓர் எண் சொல்ல வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஆறோ அதற்கு மேலோ சொன்னால் நோயாளிக்கு நரம்பு ஊசி கிடைக்கும். ஓர் ஊசி போட்டால் கெட்டுப்போன நரம்பு வாயை மூடிக்கொள்ளும். ஆனால் ஊசி வருவது கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் நிறைய. நடுவில் ஜெபசீலி.

"இதுக்கெல்லாம் மிஷின் கிடையாதா மேடம்?" என்றாள் வளர்மதி, பட்டையைப் பயத்தோடு பார்த்து.

"இருந்துச்சும்மா. நரம்பு துடிக்குதுன்னு சொல்லும், வலிக்குதான்னு சொல்லத் தெரியாது. துடிக்கிற நரம்பெல்லாம் வலிக்கிறதில்ல. சும்மா கெடக்குற நரம்பு சில சமயம் உசிரை எடுக்கும். அதை இன்னொரு மனுச உடம்புதான் சொல்லணும்."

"அப்ப உங்களுக்கும் வலிக்குமா?"

"கொஞ்சம்" என்றாள் ஜெபசீலி. எல்லோரும் கேட்கிற கேள்வி, எல்லோருக்கும் சொல்கிற பதில்.

ஒரு காலத்தில் 'கொஞ்சம்' இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலையில் வீட்டுக்குப் போய் அப்படியே தரையில் படுத்துவிடுவாள். சிறுநீரகக் கல், தீக்காயம், புற்று என்று அன்றைக்கு வந்த அத்தனை பேரின் வலியும் உடம்பில் எங்கெங்கோ மிச்சம் இருக்கும். மகனுக்குச் சோறு போட எழ முடியாது. பிறகு வருஷம் போகப் போக அது குறைந்தது. ஐந்து வந்த இடத்தில் மூன்று வந்தது, மூன்று வந்த இடத்தில் லேசாய்ப் பூச்சி ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு வந்தது. பழகிவிட்டது என்று அவள் நினைத்தாள். ஜனங்களுக்குத்தான் பொறுமை போய்விட்டது, கீறல் பட்டாலும் ஊரைக் கூட்டுகிறார்கள் என்றும் நினைத்தாள்.

ஆஸ்பத்திரி சூப்பிரண்டுக்கு அவளைப் பிடிக்கும். பட்டை, மதிப்பீட்டாளரின் நாடியையும் சேர்த்துப் பதிகிறது. பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு நாடி மட்டும் சாவகாசமாக நடந்தால், பரிதாபப்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நோயாளியை ஒரு வருஷத்துக்கு உள்ளேயே விட மாட்டார்கள். ஜெபசீலியின் எண்ணும் நாடியும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எண்ணும் தாழ்வு, நாடியும் அமைதி. "மேடம் மாதிரி நிதானமாப் பாருங்கப்பா" என்று மீட்டிங்கில் சூப்பிரண்டு சொல்லும்போது, எல்லோரும் திரும்பி நிஜாமைப் பார்ப்பார்கள்.

நிஜாம் பக்கத்து அறை. வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. எட்டு, ஒன்பது என்று அள்ளிவிடுவான். பல்லைக் கடிப்பான், கண்ணீர் விடுவான், சில நாள் வாஷ்பேசினில் வாந்தியும் எடுப்பான். அவன் அறைக்கு ஒரு வாளியும் ஆயாவும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள். ஜெபசீலி கேலி செய்ய மாட்டாள். அக்கறையாகத்தான் சொல்வாள்: "நீ கொஞ்சம் கூட்டிச் சொல்ற, நிஜாம்."

"சட்டையைக் கழட்டுங்க தம்பி. என்ன வியாதி?"

"அக்கி மேடம்" என்று சொல்லிக்கொண்டே சோணைமுத்து சட்டையைக் கழற்றினான். கழற்றுவதற்கே வெகுநேரம் பிடித்தது. இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து விலாவைச் சுற்றி முதுகுவரை, பட்டையாகக் காவி. செக்கச் சிவந்த காவியில் ஏதோ ஒரு மிருகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"அக்கி எழுதியிருக்கீங்களா?"

"ஆமா மேடம். கொப்புளம் காஞ்சு நாலு மாசம் ஆச்சு, வலி மட்டும் போவேனாங்குது. மாமியார்தான் பானை செய்யுற வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மறுபடி எழுதச் சொன்னாங்க. சிங்கம்னு சொல்லித்தான் எழுதினாரு."

"சிங்கம் மாதிரியா இருக்கு? பூனையாட்டம் இருக்கு" என்றாள் வளர்மதி. புருஷனைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஜெபசீலி எட்டி அவன் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள், தன் கையிலும் கட்டினாள், பட்டனை அமுக்கினாள்.

ஒன்றும் வரவில்லை. குறுகுறுப்பு கூட இல்லை. கழற்றி மறுபடி கட்டினாள். அதே கதை. அவன் என்னவோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துத்தான் உட்கார்ந்திருந்தான். இவளுக்குள் வெறும் ஃபேன் சத்தம்தான்.

அவள் காவியைப் பார்த்தாள். காரணம் கிடைத்துவிட்டது.

"இதாம்மா பிரச்சினை. காவிக்கல்லுல இரும்பு இருக்கும்ல, சிக்னலை மறிக்குது. போயி நல்லாக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

"பட்டை கையிலதான கட்டுறீங்க? காவி விலாவுல இருக்கு" என்றாள் வளர்மதி.

"நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுதாம்மா."

"தானா உதிர்ற வரைக்கும் தண்ணி படக் கூடாதுன்னு வேளார் சொல்லியிருக்காரு மேடம். கழுவினா சாமி குத்தமாயிரும். அதுவும் போக, இவருக்குத் துணி பட்டாலே தாங்காது, தேச்சுக் கழுவினா..."

"கழுவலைன்னா நான் பூஜ்யம்தான் போடணும். அப்புறம் உங்க இஷ்டம்."

பூஜ்யம் போட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி வர முடியும். அது வெளியே வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சோணைமுத்து எழுந்து அறையை ஒட்டியிருந்த குளியலறைக்குள் போனான், வளர்மதியும் போனாள்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வளர்மதியின் குரல்: "ஆச்சு, ஆச்சு. இந்தா முடிஞ்சிருச்சு. இன்னும் அந்த வாலு மட்டும்தான்." அவன் குரல் கேட்கவே இல்லை. ஜெபசீலி ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

திரும்பி வந்தபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வாயில் கடித்திருந்த துண்டை வளர்மதிதான் மெதுவாக எடுத்தாள். கீழுதட்டில் ரத்தம். விலாவில் காவி போய், தோல் மட்டும் வெளிறி, அங்கங்கே தழும்பாகக் கிடந்தது. தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஃபேன் காற்று பட்டதும் அவன் உடம்பு தானாகத் துள்ளியது.

ஜெபசீலி பட்டையைக் கட்டி பட்டனை அமுக்கினாள்.

ஒன்றும் இல்லை.

அரை நிமிஷம் முழுசாகப் போயிற்று. பழக்கதோஷத்தில் வாய் 'பூஜ்யம்' என்று சொல்லத் திறந்தது. அப்போதுதான் அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். நோயாளிகளின் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. முகத்தை நம்பாதீர்கள், உடம்பை நம்புங்கள் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இந்த உதட்டை எப்படி நம்பாமல் இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

"நிஜாம், ஒரு நிமிஷம் வா. என் பட்டை பழுதாயிருச்சு போல. கட்டிப் பாத்துச் சொல்லு."

நிஜாம் வந்தான், அவள் பட்டையை வாங்கிக் கையில் கட்டினான், பட்டனை அமுக்கினான். அமுக்கிய விரல் அப்படியே நின்றது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாக மடங்கினான்.

"எடுத்துருங்கக்கா" என்றான் பல்லுக்கிடையில். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. "எட்டு. எட்டுக்குக் கொறையாது. பட்டை நல்லாத்தான் இருக்கு."

நிஜாம் அவளைப் பார்த்தான், பிறகு மரியாதைக்காகப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது, என்ன, கொஞ்சம் மெதுவாகப் புரிந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க தம்பி" என்றாள். "என்ன பண்ணுது?"

சோணைமுத்து விழித்தான். இந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி. கேட்கத்தானே பட்டை கண்டுபிடித்தார்கள், பிறகு எதற்கு வாயால் கேட்பது?

"என்னத்தைச் சொல்ல மேடம். ஆரம்பத்துல கேஸ்னு நெனைச்சுக் கோலி சோடாவாக் குடிச்சேன். அப்புறம் நெஞ்சுவலியோன்னு பயந்து ஓடுனோம், ஈசிஜி எடுத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் கொப்புளம் வந்துச்சு. காஞ்சா சரியாப் போயிரும்னாங்க, காஞ்சுது, சரியாப் போகல. நான் பரோட்டா மாஸ்டர் மேடம். கல்லுச் சூட்டுல நிப்பேன், அது ஒண்ணும் பண்ணாது. ஃபேன் காத்துதான் கொல்லுது. சட்டை பட்டா கொல்லுது. முந்தி வெறும் பனியனோட நிப்பேன், இப்ப ஓனர் எல்லாருக்கும் டீசர்ட்டு குடுத்து அதைப் போட்டாத்தான் வேலைங்குறாரு. மாத்திரை போட்டா தூக்கமா வருது. கல்லு முன்னாடி தூங்கி விழுந்தா என்ன ஆகும்?"

"பாப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் வளர்மதி.

"அதை எதுக்கு..."

"சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எம்மக தாரணி, யூகேஜி படிக்கிறா. நான் வீட்டுக்கு வந்ததும் ஓடிவந்து மேல ஏறுவா. அன்னிக்கும் ஏறுனா. முழங்கை இங்க பட்டுச்சு. என்ன பண்றேன்னு தெரியாமயே புடிச்சுத் தள்ளிவிட்டுட்டேன் மேடம். கட்டில் காலுல போயி விழுந்தா. இப்பல்லாம் நான் வந்தா எந்திரிச்சு அவ அம்மா பக்கத்துல போயி உக்காந்துக்குறா. வேலை போனாக் கூட எங்கயாச்சும் மாவு பெசஞ்சுக்குவேன். அவ என்னைக் கண்டு ஒதுங்குறதைத்தான் பாக்க முடியல."

ஜெபசீலி கேட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டால் நெஞ்சு கனக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, கனக்கவில்லை. போன வாரம் கண்ணுக்கு மேலே அக்கி வந்த ஒரு பெரியவர் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு போட்டு அனுப்பினாள். போகும்போது அவர் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அவருக்கு முன்னால் ஒருத்தி, அவளுக்கு முன்னால் இன்னொருத்தர். எத்தனை பேர் என்று அவள் யோசிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நான் எட்டுன்னு சொல்லிர்றேன்" என்றாள் நிஜாமிடம்.

நிஜாம் குரலைத் தாழ்த்தினான். "உங்க நாடி காட்டிக் குடுத்துரும்க்கா. பொய்யின்னு வந்துச்சுன்னா இவரை ஒரு வருசம் தள்ளி வெச்சிருவாங்க."

"நீ பாத்தது எட்டு. அதைப் போட முடியாதா?"

"ஒரு ஆளுக்கு ஒரு மதிப்பீட்டாளர்தான். நீங்க பாத்துட்டீங்க, நான் போட முடியாது." கொஞ்சம் தயங்கினான். "நீங்க தகுதியில்லைன்னு எழுதிக் குடுத்தா மட்டும்தான் முடியும்."

அப்படி எழுதினால் வேலை போகும். இந்த வேலையில் உணர்வு போனவர்களுக்கு வேறு இடம் கிடையாது. மகன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருக்கிறான், இன்னும் முடிக்கவில்லை. ஜெபசீலி மேஜைமேல் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணுக்கான கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் சாயங்காலம் அதுவாகவே பூஜ்யம் ஆகிவிடும்.

"மேடம்" என்றாள் வளர்மதி, சங்கடமாக. "எங்க காவி உங்க கோட்டுல ஒட்டிருச்சு. இடுப்புக்கிட்ட. வெள்ளைத் துணி வேற, நான் தொடச்சு விடுறேன் இருங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் ஈரத் துண்டோடு பின்னால் வந்துவிட்டாள். கறை போகவில்லை. கோட்டைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். கை நின்றது.

"மேடம், இது காவி இல்லீங்க."

"வேர்க்குரும்மா அது. சொறிஞ்சிருப்பேன்."

"வேர்க்குரு இல்ல. அக்கி. நாலு மாசமா இதைத்தான பாத்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? முதுகுலேர்ந்து வயிறு வரைக்கும் போயிருக்கு. பாவாடை நாடா அதுமேலயே இறுக்கிக் கெடக்கு, கொப்புளம் உடைஞ்சு ரத்தம் கசியுது." வளர்மதி அவள் முகத்தை எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு வலிக்கலையா?"

"இல்லையே" என்றாள் ஜெபசீலி.

நிஜாம் சோணைமுத்துவின் கையிலிருந்த பட்டையைக் கழற்றி ஜெபசீலியின் கையில் கட்டினான். நோயாளியின் பட்டை அவள் கையில் ஏறுவது அதுதான் முதல் தடவை. இன்னொன்றைத் தன் கையில் மறுபடி கட்டிக்கொண்டான். பட்டனை அமுக்கினான்.

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெபசீலி நாற்காலியில் நேராக உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது" என்றான்.

"நீ எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவ, நிஜாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஜெபசீலி தன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். விரலில் ஈரம் ஒட்டியது, அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நெருப்பை வெச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்குக்கா. நாடா கட்டுன இடத்துல கத்தி வெச்ச மாதிரி. ரொம்ப நாளா இருக்கும் போல. நீங்க எப்படி... இதை வெச்சுக்கிட்டு எப்படி பஸ்ல வந்தீங்க?"

அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். அந்த யாரோ ஒருத்தி காலையில் எழுந்து, குளித்து, சேலை கட்டி, நாடாவை இறுக்கி, கூட்டத்தில் இடிபட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு வலித்திருக்கிறது. யாரும் நம்பவில்லை.

பட்டை கட்டிய கையாலேயே திரையைத் தன் பக்கம் திருப்பினாள். தன் பெயருக்கு எதிரே 'தகுதியில்லை' என்ற இடத்தில் பெருவிரலை வைத்தாள். உறுதிதானா என்று திரை இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் வைத்தாள்.

"இப்ப நீ இவருக்கு எட்டைப் போடு" என்றாள். "அப்புறம், நான் பாத்தவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடணும். பூஜ்யம் போட்டவங்க, ஒண்ணு ரெண்டு போட்டவங்க, எல்லாரையும். சூப்பிரண்டுக்கிட்ட நானே சொல்லிக்கிறேன். கண்ணுல அக்கி வந்த பெரியவர் ஒருத்தர் போன வாரம் வந்தாரு. அவரை மொதல்ல."

குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கே தோன்றியது.

சோணைமுத்து சட்டையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கதவோரம் போனான். கிளம்புகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் சுவிட்சுப் பலகையின் பக்கத்தில் நின்று ஃபேனை நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றாள் ஜெபசீலி.

"உங்களுக்குத் தெரியாது மேடம். இருந்தாலும் படுதுல்ல."

ஃபேன் மெதுவாகி, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, நின்றது. அறையில் புழுக்கம் ஏறியது. தரையில் உட்கார்ந்திருந்த நிஜாம் பட்டையை இன்னும் கழற்றவில்லை. பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான், மடங்கிக் கிடந்த தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"இப்பப் பரவாயில்லக்கா உங்களுக்கு" என்றான்.